பூசணத்துக்கு மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள்

வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில், தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிச் சேர்த்த இபிஎஃப் சேமநிதிப் பணத்தில் அப்பா அம்மா வாங்கிய, வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு. சுவரில் பூசணம் வந்தால் அது முதலில் வீட்டுக்காரரின் வேலை. குடியிருப்பவர் மேல் பழி போடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள், சின்னக் குழந்தையோடு. ஒருநாள் அந்தத் தங்கச்சி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "அண்ணே, பின் ரூம் சுவரு கறுத்துக்கிட்டே வருது, பாப்பாவுக்கு ராத்திரியில இருமல் நிக்க மாட்டேங்குது" என்று எழுதியிருந்தார். டீ குடிக்கும் ஒட்டுக்கடையில் இதைச் சொன்னபோது, வீடு விட்டிருக்கும் இன்னொருவர் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "மழைக்குத் துணிய உள்ளயே காயப்போடுவாங்க, வேற என்ன? குளோராக்ஸ் பிளீச் ஊத்தித் தொடைச்சிட்டு ரெண்டு கோட் பெயிண்ட் அடி, சரியாயிடும்." ஆகாது. ஈரம் உள்ளே இருக்கும்வரை அந்தப் பெயிண்ட் உப்பி உரிந்து விழும், பூசணம் மறுபடியும் வரும், நடுவில் அந்தக் குழந்தை அதே காற்றைத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம். வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள், இங்கே வெளியில் பெரும்பாலும் 80ஐத் தாண்டியே நிற்கிறது. நனைந்த பலகையோ சீலிங்கோ ஓரிரு நாளில் காயவில்லை என்றால் பூசணம் பிடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் துணி காயப்போடுவது ஒரு காரணமாக இருக்கலாம்தான், ஆனால் மழைக்காலத்தில் துணியை வேறு எங்கே போடுவார்கள்? நாம் ஒரு கூரைத் தாழ்வாரம் இறக்கிக் கொடுத்திருக்கிறோமா?

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், கறுத்த இடத்துக்குப் பக்கத்தில் அலுமினியத் தாள் ஒரு துண்டை வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரோடு ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் ஈரமாக இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் வேர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். அப்புறம் எல்லாப் பைப்பையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள், முள் நகர்ந்தால் எங்கோ பைப் ஒழுகுகிறது. ஏர்கோன் (ஏசி) உள்ள வீடு என்றால் அதன் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏர்கோன் அறைச் சுவரின் மறுபக்கம், அதாவது ஏர்கோன் இல்லாத அறையில் பூசணம் வருவதும் உண்டு. குளிர்ந்த சுவரில் வெளியில் உள்ள வெக்கைக் காற்று பட்டு வேர்க்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் தாளின் இரண்டு பக்கமும் ஈரம். மேலே ஏறிப் பார்த்தபோது, பின்னால் நீட்டிக் கட்டிய குசினியின் (சமையலறையின்) தகரக் கூரை பழைய வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் சிமெண்ட் விட்டுப்போய், மழைத் தண்ணீர் நேராகச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. குசினியை நீட்டியதும் பின் அறையின் ஜன்னல் வெளியே திறக்காமல் குசினிக்குள்தான் திறக்கிறது, இங்கே பாதி டெரஸ் வீடுகள் அப்படித்தான். சோறு வடிக்கும் ஆவி, குளியலறை ஈரம் எல்லாம் அந்த அறைக்குள் போய் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் இருந்த பழைய லயத்துப் பலகை வீடுகளில் ஆயிரம் குறை இருந்தது, ஆனால் பலகை இடுக்கில் காற்றாவது புகுந்து வெளியேறும்.

கூரை இணைப்பைப் பிரித்துத் தகடு வைத்துச் சரியாக அடைத்தோம். குசினிச் சுவரில் ஆவியை வெளியே இழுக்கும் ஃபேன் மாட்டினோம். ஃபேன் காற்று வெளியேதான் போக வேண்டும், சீலிங்குக்கு மேலே விட்டால் அங்கே பூசணம் வரும். பிறகு உப்பிய பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு, சுவர் நன்றாகக் காயும்வரை பெயிண்டர் கேட்டும் பெயிண்ட் அடிக்க விடவில்லை. பெயிண்ட் கடையில் பூசணம் வராத பெயிண்ட் என்று ஒன்றைக் காட்டுவார்கள், காய்ந்த சுவரில் அது நல்லதுதான், ஈரச் சுவரில் காசு வீண்.

சுத்தம் செய்வதில் சில விஷயங்கள். மூன்றடிக்கு மூன்றடி அளவுதான் என்றால் நாமே செய்யலாம், கையுறையும் என்95 மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, காய்ந்தபடி தேய்க்காமல் சோப்புத் தண்ணீரால் ஈரமாகத் துடைத்துக் காயவிட வேண்டும். காய்ந்ததைத் தேய்த்தால் அறை முழுக்கப் பறக்கும். ஊறிப்போன சீலிங் பலகை, மெத்தை இதையெல்லாம் காப்பாற்ற நினைக்காதீர்கள். குளோராக்ஸ் நிறத்தை வெளுக்கும், சுவருக்குள் போனதை எடுக்காது. அதை டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு மட்டும் எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். பழைய வீட்டுச் சீலிங் ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள், தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இங்கிலாந்தின் ரோச்டேல் ஊரில் 2020இல் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுப் பூசணத்தால் மூச்சுக்கோளாறு வந்து இறந்துபோனான். அவன் பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் சொன்னவர்கள். பழி அவர்கள் வாழும் முறையின் மேலேயே போடப்பட்டது. 2022இல் மரண விசாரணை அதிகாரி பூசணம்தான் காரணம் என்று சொன்ன பிறகு, அங்கே அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. "துணிய உள்ள காயப்போடுறாங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

நம் நாட்டில் எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியதைப் பொறுத்துத்தான் நடக்கிறது. அதனால் கூரை, பைப், சுவர் ஈரம் வீட்டுக்காரர் பொறுப்பு என்றும், ஒழுகல் தெரிந்ததும் குடியிருப்பவர் உடனே சொல்ல வேண்டும் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் இரண்டு பேரும் சேர்ந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூரை ஒழுகி வந்த பூசணத்துக்கு அவர்கள் டெப்போசிட்டில் கை வைக்காதீர்கள். குடியிருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும், 5,000 ரிங்கிட் வரைக்கும் உள்ள தொகைக்கு வக்கீல் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்குப் போடலாம்.