ஏறுகயிறு

2024 பிப்ரவரி 6, செவ்வாய்

வாடைக்காற்று இன்னும் விட்டபாடில்லை. விடியற்காலையில் வலையை வாங்கிக்கொண்டிருந்தோம். பக்கவாட்டில் வந்த அலை ஃபைபர் படகைத் தூக்கிப் போட்டது. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், நின்ற நான் தண்ணீரில். எங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் போய் இதைச் சொன்னால் "அதுக்கென்ன இப்போ?" என்பார்கள். இங்கே நீந்தத் தெரியாதவன் யார்?

ஏறுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. விளிம்பு தண்ணீரிலிருந்து ரெண்டரை அடி உயரம் இருக்கும். இரண்டு கையாலும் பிடித்து எம்பினால் நெஞ்சுவரை மேலே வருகிறது, அதற்குள் கால் இரண்டும் படகுக்கு அடியில் போய்விடுகிறது. நனைந்த கைலி வேறு தொடையைச் சுற்றிக்கொண்டது. உருவி விட்டேன், போய்த் தொலையட்டும்.

மாமா போட்ட முதல் சத்தமே "இன்ஜினை அணைடா!" என்பதுதான். லாங்டெயில் இன்ஜினின் விசிறி படகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு சுற்றும். அந்தப் பக்கமாக ஏறப் போனால் கால் மிஞ்சாது. அப்புறம் என் முதுகைப் படகுப் பக்கம் திருப்பி, மாமாவும் அண்ணனும் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்தார்கள். தூக்குவார்கள் என்று பார்த்தால் தண்ணீருக்குள் அமுக்கினார்கள்! உடம்பு தானாக மேலே வருகிற வேகத்தோடு சேர்த்து இழுத்துப் போட்டார்கள். கூட வந்த தம்பி எதிர்ப்பக்க விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் மட்டும் இல்லையென்றால் படகு சாய்ந்து எல்லோரும் தண்ணீரில்தான்.

பிப்ரவரி 7, புதன்

விலாவில் நீலம் பாரித்திருக்கிறது. இருமினால் உயிர் போகிறது. அம்மாவிடம் வலைக்கயிறு அறுத்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தாத்தாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். சிரித்தார். "கட்டுமரத்துலேர்ந்து விழுந்தவன் ஏறுறதுக்கு என்னடா வித்தை? மரமே தண்ணி மட்டத்துலதான கெடக்கும். நெஞ்சை வச்சுப் படுத்தா ஏறியாச்சு" என்றார். உண்மைதான். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகளால் கட்டுமரம் வேகமாகக் குறைந்துபோனது. வேகம் வந்தது, சுமை கூடியது, கூடவே இந்த உயரமும் வந்தது. படகு கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை, வாங்கியவர்களும் யோசிக்கவில்லை, விழுந்தவன் எப்படி ஏறுவான் என்று.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. கரையெல்லாம் தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம். தொழில் இல்லை. விழுந்தவன் ஏற ஒரு கயிறு செய்ய, நானும் அண்ணனும் பழைய கயிற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கால் வைக்க ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கண்ணி. கீழ்க்கண்ணி தண்ணீருக்குள் ரெண்டடி ஆழத்தில் தொங்க வேண்டும். மேலே இருந்தால் காலைத் தூக்கி நுழைக்கவே முடியாது. வெறும் கயிறு தண்ணீரில் ஒட்டிக்கொண்டு கண்ணி மூடிவிடுகிறது. அதனால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி, கால் வைக்கிற இடத்தில் கோர்த்தோம். வாய் திறந்தே நிற்கிறது. மறுமுனையை எதிர்ப்பக்கக் குறுக்குப் பலகையில் கட்டினோம். விசிறிக்கு எட்டாத தூரத்தில், நடுப்படகில்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கெடிலம் கழிமுகத்தில் ஒத்திகை. கரையில் வேடிக்கை பார்க்க ஒரு கும்பல். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏறினால் நெஞ்சுப்பக்கத்துப் பட்டை விளிம்பில் இடித்து நிற்கிறது. கழற்றிவிட்டு ஏறலாம் என்றான் தம்பி. அது கூடவே கூடாது. கை நழுவினால் அப்புறம் மிதக்க வைக்க எது இருக்கிறது? நேராகத் தொங்கினால் கால் படகுக்கு அடியில்தான் போகும். முதலில் காலை உதைத்து உடம்பைத் தண்ணீரில் படுக்கை வசமாக்கிக்கொண்டு, அப்புறம் கண்ணியில் கால் வைத்து, வயிற்றை விளிம்பில் போட்டு உருண்டுவிட வேண்டும். மாமாவின் தொப்பைக்கே வழி கிடைத்துவிட்டது.

தனியாளாகப் போகிறவன் விழுந்து, படகு ஓடிக்கொண்டிருந்தால்? அவன் பிடித்துக்கொள்ள, பின்னால் ஒரு கயிற்றில் காலி கேனைக் கட்டி மிதக்க விடலாம் என்றேன். விசிறியில் சுற்றிக்கொள்ளும் என்கிறான் அண்ணன். இருவருக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.

பிப்ரவரி 14, புதன்

மறுபடி அணியத்தில். ஒரு கை விளிம்பை விடவே மாட்டேன் என்கிறது. ஒற்றைக் கையால் வலை வாங்க முடியுமா? மாமா ஒன்றும் கேட்காமல், "நீ நடுவுல வா, மீனைக் கழட்டு" என்றார். சங்கராவும் கொஞ்சம் காரலும். டீசலுக்குப் போக மிச்சம் பெரிதாக இல்லை.

பக்கத்துப் படகுக்காரர் கயிற்றைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, புள்ளைக்குத் தொட்டில் கட்டிருக்கியா?" என்றார்.

பிப்ரவரி 26, திங்கள்

சனிக்கிழமை மாசி மகம் தீர்த்தவாரி, ஊர் கொள்ளாத கூட்டம். இன்றுதான் கடலுக்குப் போனோம். பாதி நேரம் அணியத்தில் நின்றேன்.

தொட்டில் என்று சொன்னவர் சாயங்காலம் வந்து கண்ணி அளவு கேட்டார். படகின் உட்புறத்தில் பெயிண்டால் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554-ஐ எழுதியிருக்கிறேன், அதையும் குறித்துக்கொண்டார். வெயிலில் எங்கள் ட்யூப் வெடிக்க ஆரம்பித்துவிட்டது, மாற்ற வேண்டும். மாமாவுக்கு முட்டி மடங்கவில்லையாம், மூன்றாவது கண்ணி ஒன்று வேண்டுமாம்.