லோயர் ஆர்ம் கத்துக்கொடுத்த பாடம்

போன மழைக்கு வேளச்சேரி ரோட்டுல தண்ணிக்குள்ள பள்ளம் எது ரோடு எதுன்னு தெரியாம இறக்கி ஏத்துனதுல கார் முன்பக்கம் லெஃப்ட் சைடுல கடகடன்னு சத்தம். மெக்கானிக் அண்ணன் ஜாக்கி போட்டு நெம்பி பாத்துட்டு "லோயர் ஆர்ம் புஷ் போச்சு சார், ஒரிஜினல் போடவா லோக்கல் போடவா"ன்னாரு. லோயர் ஆர்ம்னா சக்கரத்த வண்டியோட சேத்து புடிக்கற இரும்பு கை, புஷ் அதுல இருக்கற ரப்பர். பத்து வயசு வண்டிக்கு எதுக்கு ஒரிஜினல்னு நான்தான் பெரிய கணக்குப்புள்ள மாதிரி லோக்கலே போடுங்கண்ணேன்னு சொன்னேன். ஆயிரம் ரூபா கிட்ட மிச்சம்.

அஞ்சே மாசம். அதே சைடு, அதே கடகட. கழட்டி பாத்தா ரப்பர் வெடிச்சு இரும்ப விட்டு தனியா வந்திருக்கு. பார்ட்ஸ் காசு போனாக்கூட பரவால்ல, மறுபடி லேபர், மறுபடி வீல் அலைன்மென்ட், ஒரு சனிக்கிழமை முழுசா ஷெட்டுல டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தது வேற.

இந்த தடவ நானே பார்ட்ஸ் கடைங்க வரிசையா இருக்கற ஜிபி ரோடு போனேன். கடைக்காரர் ரெண்டு டப்பா எடுத்து வச்சாரு. ஒண்ணு கார் கம்பெனி பேர் போட்டது, இன்னொண்ணு பார்ட்ஸ் பண்றவங்க பேர் மட்டும் போட்டது, விலை மூணுல ஒரு பங்கு கம்மி. ரெண்டையும் பிரிச்சு பக்கத்துல வச்சா அதே வார்ப்பு, அதே வெல்டிங். கம்பெனி லோகோ இருக்க வேண்டிய எடத்த மட்டும் தேச்சு விட்டிருக்காங்க!

சென்னைல பாடிங்கற ஏரியா பக்கம் வேலைக்கு போறவங்களுக்கு இது சிரிப்பா இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் பண்ற லூகாஸ் டிவிஎஸ், பிரேக் பண்ற பிரேக்ஸ் இந்தியா எல்லாம் 1960கள்ல இருந்து அங்கதான் இருக்கு. கார் கம்பெனி முக்கால்வாசி பார்ட்ஸ இப்படி வெளியதான் வாங்கி மாட்டுது, அதே ஆளுங்க சொந்த டப்பாலயும் விக்கறாங்க. அதனால இப்பல்லாம் நான் ஒரிஜினலான்னு கேக்கறதில்ல, யார் பண்ணதுன்னுதான் கேக்கறேன். அந்த டப்பாலயும் டூப்ளிகேட் வருது, அதனால பில் தரமாட்டேன்னா அந்த கடையில எதுவும் வாங்கறதில்ல.

டைமிங் பெல்ட், ஏர்பேக், சென்சார் இதுக்கெல்லாம் மட்டும் பேரமே பேசமாட்டேன், கம்பெனி டப்பாதான். பெல்ட் அறுந்தா நிறைய இன்ஜின்ல பிஸ்டன் போய் வால்வுல இடிச்சு வளைச்சிடும், அப்புறம் இன்ஜின் மேல்பாகத்த, அதான் ஹெட்ட, இறக்கணும், அந்த செலவுக்கு பழைய பைக்கே வாங்கிடலாம். ஆயில் ஃபில்டரும் சும்மா பேப்பர் டப்பாதானேன்னு நெனச்சிருந்தேன், உள்ள ஆயில் திரும்பி வடியாம புடிக்கற ஒரு சின்ன ரப்பர் வால்வு இருக்கு, மட்டமான ஃபில்டர்ல அது சரியில்லன்னா காலைல ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு செகண்ட் டக டகன்னு அடிக்கும். வைப்பர், பல்புக்கெல்லாம் யாரும் இவ்ளோ யோசிக்க வேணாம்.

சைடு மிரர், டோர் கண்ணாடி மாதிரி ஐட்டத்துக்கு, பழைய வண்டிய பிரிச்சு பார்ட்ஸா விக்கற புதுப்பேட்டை. புது லோக்கல் மிரர் மாட்டுனா கேப் விட்டு காத்துல கிர்ருங்குது, பிரிச்ச வண்டியோட பழசு கச்சிதமா உக்காருது. பிரேக், சஸ்பென்ஷன் மட்டும் அங்க தொடமாட்டேன். போன மாசம் வாங்குன மிரர் சூப்பரா ஃபிட் ஆச்சு, என்ன ஒண்ணு, வண்டி சில்வர், மிரர் செவப்பு. எப்ப பெயின்ட் அடிப்பீங்கன்னு வீட்ல தெனம் கேக்கறாங்க.