அடுத்தது யாருக்கு?

மகனுக்குச் சின்னம்மை. கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டத் தொடங்கிவிட்டன, அவன் தேறிவிடுவான். இப்போது கவலையெல்லாம் மகளைப் பற்றித்தான். கிருமி உடம்புக்குள் போனபின் 10 முதல் 21 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வெளியே தெரியலாம். அதிலும் கொப்புளம் கிளம்புவதற்கு 1, 2 நாள் முன்பே மற்றவர்களுக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் தனி அறையும் தனித் துண்டும் எவ்வளவு காப்பாற்றும்? இருந்தாலும் விடாமல் செய்கிறோம்.

தினமும் காலையில் அவள் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்கிறேன். நேற்று காதுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் புள்ளி. கொசுக்கடியா, ஆரம்பமா? மாலைக்குள் மறைந்துவிட்டது.

என் தங்கை மாசமாக இருக்கிறாள். அவளுக்கு அம்மை வந்ததே இல்லை; கர்ப்ப காலத்தில் வந்தால் நுரையீரல் வரை பாதிக்கலாம். "எப்போக்கா வரட்டும்?" என்று கேட்டாள். தேதி சொல்ல முடியவில்லை. இப்போதைக்கு வராதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.