தொப்பூர் தாண்டி ஒரு புத்தாண்டு

எங்கள் திருச்சித் தெருவில் புத்தாண்டுக்கு வேளாங்கண்ணி போகாத கத்தோலிக்கக் குடும்பம் குறைவு. டிசம்பர் 31 மதியமே வேன் பிடித்துக் கிளம்பிவிடுவார்கள். ராத்திரிக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்து, பிள்ளையைத் தேடி, விடிந்ததும் தூங்கி வழிந்துகொண்டு திரும்புவார்கள். முட்டி வலி வந்த பிறகு எனக்கு அந்தக் கூட்டம் ஒத்துவரவில்லை. "இந்த வருசம் நீ இங்க வாக்கா. எங்க கோயில்ல பீடம் பார்க்க எக்கிக்கிட்டு நிக்க வேண்டாம்" என்று தங்கை கூப்பிட்டாள். அவள் வாழ்க்கைப்பட்டது தர்மபுரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பங்கு, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் இருக்கும் கோயில் வட்டாரம். வரவு செலவுச் சண்டை வரைக்கும் எழுதப்போகிறேன் என்பதால் ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன்.

சேலத்தில் பஸ் மாறி, தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறினால் அந்தப் பக்கம் காற்றே வேறு. மார்கழிப் பனி பகலிலும் முழுசாக விலகுவதில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கை முறம் நிறைய மொச்சையை வைத்துத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பருவத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும்தான். நானும் உட்கார்ந்து பிதுக்கினேன். விரல் நுனி ஊறிச் சுருங்கிப்போனது.

தங்கையின் மாமனாருக்கு ஞாபகசக்தி அதிகம். அவர் உறுதிபூசுதல் என்ற திருவருட்சாதனம் வாங்கிய காலத்தில் அதைக் கொடுக்க ஆயர் சேலத்திலிருந்து வருவாராம். 1930இல் உண்டான சேலம் மறைமாவட்டத்தில், அதாவது சேலம் ஆயரின் ஆளுகையில்தான் இந்தப் பகுதி முழுக்க இருந்தது. 1997 ஜனவரி 24 அன்று தர்மபுரி தனி மறைமாவட்டமாகி, டவுனில் இருக்கும் தூய இருதய ஆண்டவர் ஆலயம் பேராலயம் ஆனது. சலேசிய சபையைச் சேர்ந்த ஜோசப் அந்தோணி இருதயராஜ் முதல் ஆயராக வந்தார். அரசாங்கம் 2004இல் கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்தது. திருச்சபைக் கணக்கில் இரண்டும் இன்றைக்கும் ஒன்றுதான். "கலெக்டர் ரெண்டு, ஆயர் ஒண்ணு" என்றார் பெரியவர்.

31ஆம் தேதி சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. ஸ்வெட்டரும் காதில் சுற்றிய துண்டுமாக ஆண்கள், சால்வைக்குள் குழந்தையைப் பொத்திக்கொண்டு பெண்கள். பாதிப் பேர் அன்று மதியம்தான் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பஸ் இறங்கியவர்கள். கட்டட வேலை, கம்பெனி வேலை, வீட்டு வேலை என்று போனவர்கள். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காதவர்களும் புத்தாண்டுக்கு எப்படியாவது வந்துவிடுவார்களாம். அதற்குக் காரணம் எனக்கு ராத்திரிதான் தெரிந்தது.

பத்தரைக்கு மேல் நற்கருணை ஆராதனை தொடங்கியது. செபமாலையும் பாட்டும் முடிந்தபின் பங்குத்தந்தை எதுவும் சொல்லாமல், கோயில் காரியங்களில் அவருக்குத் துணையாக இருக்கும் உபதேசியாரைப் பார்த்துத் தலையசைத்தார். உபதேசியார் பங்குப் பதிவேடுகளை அடுக்கி எடுத்துவந்தார். முதலில் அந்த வருடம் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பெயர்கள். பெயர் சொல்லச் சொல்ல அம்மாக்கள் குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு பொடியன் தன் பெயரைக் கேட்டதும் வீறிட்டு அழுதான், கோயிலே சிரித்தது. அடுத்து புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை வாங்கியவர்கள். அடுத்து கலியாணமானவர்கள், அவர்களில் ஒரு பெண் நிறைமாதமாக மெல்ல எழுந்து நின்றாள்.

கடைசியாக இறந்தவர்கள். அங்கேதான் வேகம் குறைந்தது. பெயர், தகப்பன் பெயர், அடக்கம் செய்த தேதி என்று உபதேசியார் வாசிப்பார். அந்த வீட்டிலிருந்து ஒருவர் போய்ப் பீடத்தின் முன்னால் மணல் பரப்பிய தாம்பாளத்தில் ஒரு மெழுகுதிரியை ஏற்றிவைப்பார். இதற்காகத்தான் அந்தப் பெங்களூர்ப் பஸ்கள் நிரம்பி வருகின்றன. ஒரு பெயருக்கு யாரும் எழவில்லை. மகன்களுக்கு லீவு கிடைக்கவில்லை போலும். உபதேசியார் இரண்டாம் முறை வாசித்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து போய் ஏற்றினார். "அந்தக் கிழவருக்கும் இவருக்கும் வரப்புத் தகராறு, கோர்ட்டு வரைக்கும் போச்சு" என்று தங்கை என் காதில் சொன்னாள்.

எத்தனையோ புத்தாண்டுப் பூசை பார்த்திருக்கிறேன். வாண வேடிக்கை, கேக், கைகுலுக்கல் என்றுதான் ஞாபகம். வருடத்தின் கடைசி ஒரு மணி நேரத்தைப் பதிவேட்டுக்குக் கொடுத்த பங்கை இங்கேதான் பார்த்தேன். வந்தவர் யார், போனவர் யார் என்று ஆண்டவர் முன்னால் வாசித்துவிட்டு, அதற்கப்புறம்தான் நன்றிப் பாட்டு. 'தே தேயும்' என்று லத்தீனில் அறியப்படும் அந்தப் பழைய புகழ்ப்பாட்டை வருடக் கடைசி நாளில் பொதுவில் பாடுகிறவர்களுக்கு, வழக்கமான நிபந்தனைகளோடு பரிபூரணப் பலன், அதாவது பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை, உண்டு என்பது திருச்சபையின் ஏற்பாடு. தமிழில்தான் பாடினார்கள். பாடகற்குழு ஒரு சுருதியில், ஜனம் ஒரு சுருதியில்.

பன்னிரண்டுக்கு மணி அடித்தார்கள். குடிலில் இருந்த பாலன் இயேசு சுரூபத்தைப் பங்குத்தந்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். பிறகு பூசை. ஜனவரி முதல் தேதி உலகத்துக்குப் புத்தாண்டு, திருச்சபைக்கு இறைவனின் அன்னை புனித மரியா பெருவிழா. 431இல் எபேசுஸ் பொதுச்சங்கம் மாதாவை இறைவனின் தாய் என்று அறிக்கையிட்டது. என் பாட்டி காலத்துப் பூசைப் புத்தகத்தில் இதே நாள் கர்த்தரின் விருத்தசேதனத் திருநாளாக இருக்கும், 1969இல் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோதுதான் மாறியது. பிறந்த எட்டாம் நாள் குழந்தைக்கு இயேசு என்று பேர் வைத்ததைச் சொல்லும் லூக்கா நற்செய்திப் பகுதியை மட்டும் இன்றும் இந்த நாளில்தான் வாசிக்கிறோம். பேர்களை வாசித்து முடித்த கையோடு அதைக் கேட்டபோது, சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகிய அந்தப் பகுதி புதிதாக இருந்தது.

முதல் வாசகம் எண்ணிக்கை ஆகமத்திலிருந்து. ஆரோனும் அவன் மக்களும் இஸ்ரயேலருக்கு எப்படி ஆசி கூற வேண்டும் என்று ஆண்டவர் மோசேக்குச் சொல்லிக்கொடுக்கும் பகுதி. பங்குத்தந்தை இளவயதுக்காரர், பிரசங்கத்தை நீட்டவில்லை. ஆறாம் பவுல் திருத்தந்தை 1968இலிருந்து ஜனவரி முதல் நாளை உலக அமைதி நாளாக வைத்ததைச் சொன்னார். "உலக அமைதிக்கு ரோமையில செபிப்பாங்க. நம்ம ஊர்ல ரெண்டு வீடு பேசிக்கிட்டாப் போதும்" என்று முடித்தார். வரப்புத் தகராறுக்காரர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

பூசை முடிந்ததும் இறைவசனச் சீட்டு. ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அந்த வருடத்துக்கான வார்த்தையாக வைத்துக்கொள்வது. எனக்கு இதில் அவ்வளவு பிடித்தம் கிடையாது, கிளி ஜோசியம் மாதிரி ஆகிவிடுகிறது. என் தங்கைக்கு மனம் திரும்பச் சொல்லும் கண்டிப்பான வசனம் ஒன்று வந்தது. முகம் சுண்டி, சத்தமில்லாமல் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தாள். அதிலும் கண்டிப்பு. பங்குத்தந்தை பார்த்துவிட்டு, "ரெண்டு தடவை சொல்லியாச்சும்மா, இனி கேட்டுத்தான் ஆகணும்" என்றார். ஒரு மணிக்கு மேல் இளைஞர்கள் மைக் செட்டில் ஆட்டப் பாட்டுப் போட்டார்கள். அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை, என் தலைவலியைத் தவிர.

மறுநாள் கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை திருத்தலத்துக்குக் கிளம்பினோம். இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் புத்தாண்டென்றால் மாதாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். காவேரிப்பட்டணம் வழியாக பஸ். சன்னலோரம் மாந்தோப்புகள் தொடங்கியதும் தங்கையின் வீட்டுக்காரர் எழுந்து நின்று வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவர்களுக்கும் கொஞ்சம் மா இருக்கிறது, கூழ் ஃபேக்டரிக்குப் போகும் பெங்களூரா ரகம். மரம் பூவெடுக்கும் மாசம் இது. பனி கனமாக இறங்கினால் பூ கருகும், தத்துப்பூச்சி விழுந்தால் பிஞ்சு நிற்காது. வருடத்து வரும்படி இந்தச் சில வாரங்களில் தீர்மானமாகிவிடும்.

திருத்தலத்தில் நல்ல கூட்டம், ஆனால் முட்டிக்கு இடமிருந்தது. புது பைக்குகளை மாலை போட்டு மந்திரிக்கக் கொண்டுவந்திருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் தெலுங்கு, பின்னால் கன்னடம். நெற்றியில் குங்குமத்தோடு ஒரு அம்மா முழங்காலிட்டு மெழுகுதிரி ஏற்றினார். என் பக்கத்தில் ஒரு பெரியவர் துண்டு முடிச்சை அவிழ்த்து, மாம்பூங்கொத்து ஒன்றைச் சுரூபத்தின் காலடியில் வைத்தார். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர்களுக்கு அந்த யோசனை வராமல் போயிற்று. "அடுத்த வருசம் எடுத்துட்டு வரணும்" என்று தங்கை புருஷனைக் கடிந்துகொண்டாள்.

1917 மே 13 முதல் அக்டோபர் 13 வரை போர்ச்சுகலில் லூசியா, பிரான்சிஸ்கு, ஜசிந்தா என்ற மூன்று ஆட்டிடைப் பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்த வரலாறு தெரிந்ததுதான். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமைதிக்காகத் தினமும் செபமாலை சொல்லுங்கள் என்றுதான் அந்தப் பிள்ளைகளிடம் மாதா கேட்டார். அதில் பிரான்சிஸ்குவையும் ஜசிந்தாவையும் 2017இல், முதல் காட்சியின் நூறாம் ஆண்டில், திருச்சபை புனிதர்களாக உயர்த்தியது. அமைதி நாளன்று பாத்திமா மாதா முன்னால் உட்கார்ந்து செபமாலை சொல்லும் பொருத்தம் பாதி சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. மிச்சத்தை வரப்புத் தகராறுக்காரருக்காகச் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்கப் பங்கு ஓயவில்லை. மாதத்தின் முதல் வெள்ளி வந்தது, இருதய ஆண்டவர் பக்தி. வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் வீடு வீடாகப் பிடியரிசிப் பானையைக் காலி செய்து எடுத்துப்போனார்கள். தினமும் சோறாக்கும்போது ஒரு பிடி எடுத்து வைப்பது, மாசத்துக்கு ஒரு தடவை திக்கற்ற வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. களி கிண்டும் வீடுகளில் ராகி மாவு. மரியாயின் சேனை என்ற பக்த சபைப் பெண்கள் நோயாளி வீடுகளுக்குப் போய்வந்தார்கள். சிஸ்டர் மறைக்கல்விப் பிள்ளைகளைத் திருக்காட்சிப் பெருவிழாவுக்கு மூன்று ராஜாக்களாகப் பழக்கினார். ஒரு ராஜாவுக்குக் கிரீடம் பெரிது, காது வரை இறங்கிக்கொண்டே இருந்தது.

திருக்காட்சி ஞாயிறு பூசைக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் கூட்டம். அன்பியங்கள் எனப்படும் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களின் பொறுப்பாளர்கள், பங்குப் பேரவை, விருப்பமுள்ள எல்லோரும். கணக்குப்பிள்ளை வருட வரவு செலவு வாசித்தார். உண்டியல், மெழுகுதிரி, பூசைக் கருத்து, கல்லறைச் சுவர் பூச்சு, கரண்ட் பில். பொங்கலுக்குக் கோயில் வாசலில் பொது அடுப்பா, அன்பியத்துக்கு ஒரு அடுப்பா என்று நீண்ட பேச்சு. அன்பியத்துக்கு ஒன்று என்று முடிவானது. வெல்லம் பங்கு செலவு, அரிசி அவரவர் வீடு.

பிறகு கோயில் வரி கட்டாத குடும்பங்கள். ஒரு பெயர் வாசித்ததும் எல்லோரும் கணக்குப்பிள்ளையை முறைத்தார்கள். 31ஆம் தேதி ராத்திரி வாசித்த இறந்தவர் வரிசையில் வந்த பெயர்களில் ஒன்று.

"அதை அடிச்சிடுங்க" என்றார் பங்குத்தந்தை.

பெண்கள் பக்கத்திலிருந்து அந்த வீட்டு அம்மா எழுந்தார். "அடிக்க வேணாம் சாமி. அவரு பேரு நோட்டுல இருக்கட்டும். பாக்கி வெச்சுட்டுப் போனாருன்னு யாரும் பேச வேணாம். மொச்சைக்கா வித்ததும் நான் கட்டிடறேன்."

"உங்க பேருக்கு மாத்தி எழுதட்டுமாம்மா?"

"இந்த வருசக் கணக்கு அவரோடது. அடுத்த வருசத்துக்கு என் பேரைப் போடுங்க."

கணக்குப்பிள்ளை பக்கத்தில் 'பொங்கலுக்குள்' என்று எழுதிக்கொண்டார். அடுத்து மைக் செட் வாடகை. இளைஞர்கள் ராத்திரி போட்ட ஆட்டப் பாட்டுக்கும் சேர்த்துப் பங்கு கொடுக்க வேண்டுமா என்று தங்கையின் மாமனார் கேட்டார். பையன்கள் எழுந்தார்கள், உபதேசியார் எழுந்தார், பங்குத்தந்தை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். நான் மாமனார் பக்கம். ஆனால் வாயைத் திறப்பதற்குள் சேலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ராத்திரி போனில் தங்கை சொன்னாள்: பாதி பங்கு, பாதி பையன்கள்.