ஐந்து எழுத்து, அறுபது வரிசை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் வழக்கமாகக் கூடும் ஒட்டுக்கடையில் இப்போது கேரம் இல்லை, சொல் விளையாட்டுதான். நேற்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒருத்தி தாளில் எழுதிக் கொடுத்தது: ப, க, ட, ல், ம். மூன்றெழுத்துச் சொற்கள் வேண்டும், ஓர் எழுத்து ஒரு முறைதான்.

கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினால் 60 வரிசை வரும். ஆனால் தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது, 'ட'வும் அப்படியே. ஆக, தொடங்க ப அல்லது க. முடிக்க ல் அல்லது ம், நடுவில் மீதி உயிர்மெய் என்று வைத்துக்கொண்டால், மிஞ்சுவது எட்டே வரிசை! தொல்காப்பியம் மொழிமுதல் எழுத்துகளைச் சொல்லி வைத்தது இதற்குத்தானோ என்று தோன்றியது.

கடல், படம், பகல் உடனே வந்துவிட்டன. மிருதங்கம் கற்கும் தம்பி கடம் என்றான். இருமிக்கொண்டே வந்த அக்கா கபம் என்றார். படல் மட்டும் யாருக்கும் வரவில்லை; தோட்டத்தில் மாடு வளர்த்த தாத்தாதான் சொன்னார், பட்டிக்குக் கட்டும் தட்டியாம்.

இதைச் செயலியிடம் கேட்டால் சில நேரம் சொதப்பும். யூனிகோடில் 'ல்' என்பது ல, புள்ளி என இரண்டு குறியீடு. அப்படியே எண்ணினால் கடல் நான்கெழுத்தாகிவிடும்.

சரி, அடுத்தது: ம, ர, ண, வ, ம், ல். இதில் நான்கெழுத்துச் சொல்லும் உண்டு. கண்டுபிடித்தால் தாத்தா காதில் விழும்படி சொல்லாதீர்கள்.