பாசி பாட்டிலுக்குக் கரியமில வாயு: எவ்வளவு, எப்போது?

ஒரு லிட்டர் பாட்டில், பிஜி-11 ஊடகம் (பாசி வளர்க்கும் உப்புக் கரைசல்), குளோரெல்லா வல்காரிஸ் என்ற ஒற்றைச்செல் பச்சைப்பாசி. சில நாள் பச்சை ஏறிவிட்டு வளர்ச்சி அப்படியே நின்றுபோகிறதா? விளக்கை மாற்றுவதற்கு முன் பிஎச் (அமில-காரத்தன்மை அளவு) பாருங்கள். 10-ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் கார்பன் பஞ்சம்தான். காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான் இருக்கிறது. ஒரு கிராம் உலர்பாசி விளைய ஏறக்குறைய 1.8 கிராம் வாயு வேண்டும்.

நிமிடத்துக்கு 500 மி.லி. காற்றோடு 10 மி.லி. வாயு சேர்த்தால் 2 சதவீதம். ஆனால் முதல் நாளே திறந்துவிடாதீர்கள். பிஜி-11-க்கு பிஎச்சைத் தாங்கிப்பிடிக்கும் சக்தி குறைவு. கல்ச்சர் (பாசி வளரும் கரைசல்) வெளிறியிருக்கும்போது வாயு விட்டால் பிஎச் வெகுவாக இறங்கி, விதைத்த செல்கள் தவித்துப்போகும். வெறும் காற்றில் ஓட்டி, பிஎச் 8-ஐத் தாண்டியபின் திறங்கள்.

காற்றுக்கென அளவு குறித்த ரோட்டாமீட்டர் (ஓட்டத்தை அளக்கும் கருவி) கரியமில வாயுவுக்குச் சரியாகக் காட்டாது. 10 மி.லி. பிப்பெட்டின் அடியில் சோப்புப் படலம் பிடித்து, வாயுக் குழாயை மாட்டி, ஸ்டாப்வாட்ச்சை அழுத்துங்கள். படலம் பூஜ்யத்திலிருந்து பத்துக்கு ஏற 60 விநாடி ஆக வேண்டும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வை மயிரிழை மயிரிழையாகத்தான் திருப்ப வேண்டும்.

சிலிண்டரிலிருந்து காற்றோடு கலக்கும் இடம்வரை பாலியூரித்தேன் குழாய்தான் போட வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். சிலிகான் சுவர் வழியாகவே கரியமில வாயு கசிந்துவிடும். ஓட்டம் இவ்வளவு மெதுவாக இருக்கையில் அந்த இழப்பு சின்னதல்ல.

கலந்த வாயு 0.2 மைக்ரான் ஃபில்டரைக் கடந்தபின்தான் ஈரமூட்டும் பாட்டிலுக்குப் போக வேண்டும். ஈரமூட்டும் பாட்டிலை முன்னால் வைத்தால் ஃபில்டரில் நீர்த்துளி படிந்து ஓட்டம் அடைபடும். ஈரமே ஊட்டாவிட்டால் நாளொன்றுக்கு 15 மி.லி. போல நீர் ஆவியாகி, உப்பு ஏறும். ஃபில்டரைக் கல்ச்சர் மட்டத்துக்கு மேலே தொங்கவிடுங்கள். கரண்ட் போனால் கல்ச்சர் பின்னோக்கி ஏறாது.

விளக்கு அணைந்ததும் வாயுவும் நிற்க வேண்டும். ஒரே டைமரில் சாலினாய்டு வால்வையும் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) சேர்த்துவிடலாம். காற்று மட்டும் ஓடட்டும், செல்கள் அடியில் படியாது.

நிமிடத்துக்கு 10 மி.லி. வீதம் 12 மணி நேரத்தில் போகும் வாயு சுமார் 13 கிராம். நாளுக்கு அரை கிராம் விளைந்தால் பாசி எடுப்பது ஒரு கிராம்கூட இல்லை, மிச்சம் வெளியேறிவிடும். அதனால் பிஎச் கன்ட்ரோலர் வைத்து 7.5-க்கும் 8-க்கும் இடையில் விட்டுவிட்டுத் தருவதே மேல். வெளியேறும் குழாயை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள், மூடிய ஏசி அறையில் வாயு தேங்கும்.

சிலிண்டர் முள்ளை நம்பாதீர்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் குறையாது, தீர்ந்தபின் மளமளவென்று விழும். வாரம் ஒருமுறை எடை போடுங்கள்.