கேலரியிலிருந்து சில நாட்கள்

ஏப்ரல் 9

பாப்பாவின் நூறு மீட்டர் நீச்சல், 1:18.6. ஸ்டாப்வாட்சில் கையால் பிடித்தது. 1:18.8 என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 10

குளத்தைச் சுற்றி நைலான் கயிறு கட்டிவிட்டார்கள். பெற்றோர் கேலரியில் மட்டும் உட்கார வேண்டுமாம். "உங்களைச் சொல்லல சார், பொதுவா" என்கிறார் கோச். பொதுவாக என்றால் யார்? பட்டர்ஃப்ளை பையனின் அம்மா, அப்புறம் நான். அந்த அம்மா சுவரோரம் குனிந்து "கிக், கிக்" என்று கத்துவார். நான் ஒரு நாளும் கத்தியதில்லை. விரலால்தான் சொல்வேன். இரண்டு விரல் காட்டினால் கால் போதவில்லை. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் தலையை இறக்கு. அவ்வளவுதான்.

கேலரியிலிருந்து காட்டினாலும் பாப்பாவுக்குத் தெரிகிறது. இன்றே பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 13

தூக்கம் வரவில்லை. நம் குளம் 25 மீட்டர். மீட் நடக்கப்போகும் வேளச்சேரியில் 50. இங்கே நூறு மீட்டருக்கு மூன்று முறை திரும்பி, மூன்று முறை சுவரை உதைத்துக்கொண்டு கிளம்பலாம். அங்கே ஒரே ஒரு முறைதான். அந்த இரண்டு உதை இல்லாமல் போனால் இவளுக்கு எப்படியும் இரண்டு விநாடி கூடும். அப்படியென்றால் 1:18 என்பது அங்கே 1:20. 1:15 வேண்டும் என்று நான் காலண்டரில் எழுதி வைத்திருப்பது எந்தக் குளத்துக்கு?

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. குளம் லீவு. பாப்பா மாங்காய்ப் பச்சடியை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். நாளைக்கு வயிறு கனக்குமே என்று சொல்ல வாயெடுத்தேன். இவள் அம்மா ஒரு பார்வை பார்த்தாள்.

ஏப்ரல் 17

நீச்சல் வீரர் சஜன் பிரகாஷ் விஷயத்தை இன்று மறுபடி எடுத்தேன். 2021, ரோம், 200 பட்டர்ஃப்ளை. ஒலிம்பிக்குக்கு நேராக நுழைய வைக்கும் 'ஏ' தகுதிக்கு வேண்டியது 1:56.48. அவர் அடித்தது 1:56.38. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. இந்தியாவிலிருந்து அந்த நேரத்தைத் தொட்ட முதல் ஆள், நீச்சல் பழகியது நம் நெய்வேலியில். அம்மா சாந்திமோள்தான் வளர்த்து ஆளாக்கினார்.

"அவங்க ஓட்டப்பந்தயத்துல ஓடினவங்க. நீங்க பஸ் பிடிக்கவாவது ஓடியிருக்கீங்களா?" என்றாள் இவள் அம்மா. பாப்பா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 20

ஞாயிறு. நண்பரின் அபார்ட்மென்ட் குளத்தில் தனியாக ஒரு மணி நேரம். கையில் மாட்டும் பாடில் வாங்கியிருந்தேன், பெரியவர்கள் சைஸ். சின்ன சைஸ் கடையில் இல்லை. தண்ணீரை நன்றாக அள்ளினாள். கோச்சிடம் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது. 1:17.2!

ஏப்ரல் 23

பாப்பாவால் பனியனுக்குள் வலது கையை நுழைக்க முடியவில்லை.

ஏப்ரல் 24

எலும்பு டாக்டர். தோள்பட்டையைச் சுழற்றி, அமுக்கி, "இங்கயா? இங்கயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அவள் கண் சுருங்கியது. கிழிசல் எதுவுமில்லை, வீக்கம்தான். இரண்டு வாரம் கையை வீசக் கூடாது. வேண்டுமானால் போர்டைப் பிடித்துக் கால் மட்டும் அடிக்கலாம், அதுவும் வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

"பதினோரு வயசுப் பிள்ளைக்கு பாடில் போட்டது யாரு?"

"கோச்" என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது. பாப்பா என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 25

கோச்சிடம் சொல்லுவாளோ?

ஏப்ரல் 26

கோச் கேட்டிருக்கிறார். "ஸ்கூல்ல கயிறு இழுக்கும்போது பிடிச்சுக்கிச்சு சார்" என்றாளாம். அவரே என்னிடம் வந்து, "பரீட்சை நேரத்துல என்ன கயிறு இழுக்குறது? ஸ்கூல்ல போய்க் கேளுங்க சார்" என்றார். கேட்கிறேன் என்றேன்.

வீடு வரும்வரை வண்டியில் இரண்டு பேரும் பேசவில்லை. முக்கில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். ஐஸ் வேண்டாம் என்றாள்.

ஏப்ரல் 30

கால் அடித்துக்கொண்டிருக்கிறாள். போர்டு, நுரை, போர்டு, நுரை. அளக்க ஒன்றுமில்லை. ஸ்டாப்வாட்சைச் சும்மா அமுக்கி அமுக்கி நிறுத்திக்கொண்டிருந்தேன்.

அப்பா நினைவு. 1994. குற்றாலீஸ்வரன் ஒரே வருடத்தில் ஆறு கடல் கால்வாய்களைக் கடந்த வருடம். அவருக்கு அப்போது பதின்மூன்று வயது. பேப்பரில் வந்த படத்தை அப்பா கத்தரித்து மாட்டுக்கொட்டகைக் கதவில் ஒட்டினார். "அவன் கடலையே தாண்டுறான், நீ கிணத்தப் பாத்துப் பயப்படுற." துறையூர்ப் பக்கம் எங்கள் கிணறு. முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பா. ஒரு தள்ளு. மூக்கிலும் வாயிலும் தண்ணீர். நான்காவது நாள் கயிற்றை அவிழ்த்ததே எனக்குத் தெரியாது. எனக்கு இன்றைக்கும் கடப்பாரை நீச்சலும் மல்லாக்க மிதப்பதும்தான் வரும்.

கைக்கடிகாரத்தை மட்டும் துண்டில் சுற்றி மேட்டில் வைத்துவிட்டுத்தான் அப்பா என்னைத் தள்ளுவார். அது வெறும் கடிகாரப் பாசம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

மே 8

டாக்டர் சரி என்றார். மெதுவாக.

மே 9

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? கேட்காமல் வந்துவிட்டேன்.

மே 12

கோச் என்னைக் கயிற்றுக்குள்ளே கூப்பிட்டார். ஒரு மாதத்தில் முதல் முறை. நாற்காலி போட்டார். பாடில் விஷயம் தெரிந்துவிட்டது என்று உள்ளங்கை வேர்த்தது.

அது இல்லை.

"சார், உங்க பொண்ணு எந்தப் பக்கம் மூச்சு எடுக்கிறா, பாருங்க."

இரண்டு பக்கமும் எடுப்பாள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. இந்த வயதில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம்தான் வரும்.

"நல்லாப் பாருங்க."

போகும்போது கேலரி அவளுக்கு வலதுபக்கம். வலதுபக்கம் மூச்சு. சுவரில் திரும்பினாள். இப்போது கேலரி இடதுபக்கம். இடதுபக்கம் மூச்சு. மறுபடி திரும்பினாள். வலது.

"மூச்செடுக்கும்போது ஒரு கண்ணு தண்ணிக்குள்ள இருக்கணும் சார். இவளுக்கு ரெண்டும் வெளிய வருது. தலை மேல வந்தா இடுப்பு கீழ போகும், கால் இழுக்கும். நான் இத்தனை நாளா கழுத்தத் திருத்திக்கிட்டு இருந்தேன். கழுத்துல ஒண்ணும் இல்ல."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் காலியான கேலரிப் பக்கம் ஆறேழு முறை தலையைத் தூக்கினாள். நான் இந்தப் பக்கம் நாற்காலியில் இருப்பது அவளுக்குத் தெரியாது. பாதி நீளத்தில் நின்றுவிட்டாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு கேலரி முழுக்கத் தேடினாள்.

மே 13

போகவில்லை. அம்மா கூட்டிப்போனாள்.

மே 14

போகவில்லை. "அப்பா ஏன் வரல, கோவமா?" என்று கேட்டாளாம்.

மே 15

போனேன். டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. வாட்ச்மேன், "என்ன சார், ஆளு தெரியாமக் கடன்காரன் மாதிரி?" என்றார்.

மே 17

கோச் பிடித்த நேரம் 1:19.4. ஒரு மாதம் முன்பு இருந்ததைவிட மோசம். தோள் காரணமா, பாடில் காரணமா, நான் காரணமா? மூன்றும் ஒன்றுதான்.

இரவு அவளிடம் சொன்னேன். டாக்டரிடம் அப்பா பொய் சொன்னது தப்பு, கோச்சிடம் நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று. "இப்ப வேணாம்ப்பா. மீட் முடியட்டும். திட்டுவாரு" என்றாள். யாரைத் திட்டுவார் என்று கேட்கவில்லை.

மே 18

சொல்லவில்லை.

மே 22

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். அம்மா அசந்து தூங்குகிறாள். இட்லிப் பொட்டலம், வாழைப்பழம், இரண்டு துண்டு, இரண்டு கண்ணாடி. ஸ்டாப்வாட்சை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு வந்தேன்.

வேளச்சேரிக் குளம் 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டியது, அவ்வளவு பெரிய போட்டிக்கு எல்லாம் ஆட்கள் வந்து நீந்தின தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் அவள் காதில் வாங்கவில்லை. மேல் பர்த்திலிருந்து தலையை நீட்டினாள்.

"அப்பா, அங்க கேலரி எந்தப் பக்கம்?"

தெரியும். போட்டோவில் பத்து முறையாவது பார்த்திருக்கிறேன்.

"தெரியல பாப்பா. தூங்கு."

மே 23

காலை 7:50. ஹீட் 2, லேன் 6. துண்டு எடுக்க அவள் பையைத் திறந்தேன். கண்ணாடிக்கு அடியில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. புது பேட்டரி போட்டிருக்கிறாள். கூப்பிடுகிறார்கள்